உள்ளே ஆள் உண்டா?

பூட்டு 'களுக்' என்று விழுந்தது. கூட்டம் கைதட்டியது.

பூட்டுக்காரர் இரண்டடி பின்வாங்கித் தன் வேலையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஏழு லீவர், பித்தளை உடம்பு, கட்டைவிரல் தடிமனில் எஃகு வளையம். யானை கட்டி இழுத்தாலும் நாதாங்கிதான் பெயரும், பூட்டு அசையாது. அந்தப் பெரிய கட்டடத்தின் நீண்ட நடையில் இதுபோல இன்னும் எத்தனையோ கதவுகள். தண்ணீர் இலாகா, பாலங்கள் இலாகா, எடையளவு இலாகா, தீயணைப்பு இலாகா என்று எல்லாவற்றிலும் அவர் கைப்பூட்டு. இன்றைக்குப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம்.

நான்கு தூண் மன்றம் ஆட்சிக்கு வந்ததிலிருந்து அவருக்கு வேலை ஓயவில்லை. குறைந்த ஆட்சி, நிறைந்த குடும்பம், குன்றாத நம்பிக்கை, தடையற்ற சந்தை. இவைதாம் தூண்கள். அரசாங்க அலுவலக வாசலில் ஒரு கையெழுத்துக்காக நாள் முழுக்க நின்று பழகிய எவருக்கும் அந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும். பூட்டுக்காரருக்கும் இனித்தது. ஓட்டுப் போட்டார்.

முதல் தூணை நிறுத்துவதற்காக மன்றம் இலாகாக்களை ஒவ்வொன்றாக மூடியது. மூடிய கதவு ஒவ்வொன்றுக்கும் இரண்டு காவலர்கள், அவர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர், சாவிகளை ஆற்றில் வீச ஓர் அதிகாரி, அவர் ஏற ஒரு படகு, படகுக்கு ஓர் ஓட்டுநர், விழாவுக்கு ஒரு பேண்டு வாத்தியக் குழு. ஆட்சி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. கட்டடத்தில் நிற்க இடமில்லை.

மன்றத்தின் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பொறக்க வைக்கிறது குடும்பத்தோட வேலை. எடுத்துக்கறது ஆண்டவனோட வேலை. நடுவுல ஆகுற செலவு சந்தையோட வேலை. இதுல அரசாங்கத்துக்கு என்னய்யா வேலை? இன்னையிலேர்ந்து சாவு உங்க சொந்த விஷயம். எடுத்துக்குங்க."

மறுபடி கைதட்டல். பேண்டு முழங்கியது. சாவிகளுடன் அதிகாரி படகுத்துறைக்குப் புறப்பட்டார். பூட்டுக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வீடு பூட்டியிருந்தது.

அதுதான் முதல் இடறல். அவர் மனைவி அந்தப் பதிவு அலுவலகத்தில்தான் ஆவணக்காப்பாளர். 'மத்தியானத்தோட நம்ம வேலை முடிஞ்சுது. நீங்க பூட்ட வர்றப்போ நான் வீட்டுல இருப்பேன்' என்று காலையில் சொல்லிவிட்டுப் போனவள். அலமாரியில் அவளுடைய மருந்து உருளை இருந்தது. வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சுகிற இழுப்பு மருந்து. பழைய காகிதத் தூசி அவளுக்கு ஆகாது. அவசரத்தில் அதை மறந்துவிட்டுப் போயிருந்தாள்.

கடைத்தெருவுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தார். தங்கை வீட்டில் இருப்பாள் என்று நினைத்தார். வெயில் சாய்ந்தபோது மூன்றாவதாக ஒன்றை நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் உருளையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார்.

நடை வெறிச்சோடிக் கிடந்தது. கதவுக்கு இருவராகக் காவலர்கள் மட்டும் பொம்மைபோல நின்றார்கள். தண்ணீர் இலாகாவின் மூடிய கதவுக்குப் பின்னால் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பூட்டுக்காரர் பதிவு அலுவலகக் கதவில் காதை வைத்தார். உள்ளேயிருந்து ஓர் இருமல் வந்தது. இருபது வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல்.

"ஏங்க, நீங்கதானா?"

"நீ உள்ள என்ன பண்றே?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. பூட்டினது யாரு?"

அவர் கை தானாகப் போய்ப் பூட்டைத் தொட்டது.

"ஒரு பெரியவர் கடைசி நேரத்துல வந்தார்," என்றாள் அவள், மூச்சை வாங்கி வாங்கி. "சம்சாரம் போய்ச் சேர்ந்ததுக்குச் சான்றிதழ் வேணும்னு. தேடிக் குடுத்துட்டுப் போயிடலாம்னு உள்ளறைக்குப் போனேன். எடுத்துட்டு வந்து பாத்தா அவரையும் காணோம், கதவும் சாத்தியிருக்கு. கத்தினேன். வெளிய பேண்டு அடிக்கிறான்."

"ஆளுண்டா வந்து கேக்கலையா?"

"அவரைத்தான் மன்றம் வந்த முதல் வாரமே அனுப்பிட்டாங்களே."

ஆளுண்டா என்பது அந்தக் கட்டடத்துப் பழைய கடைநிலை ஊழியருக்கு ஊர் வைத்த பெயர். மாலையில் எந்த அறையைப் பூட்டுவதானாலும் அதற்கு முன் அவர் உள்ளே தலையை நீட்டி, 'உள்ளே ஆள் உண்டா?' என்று குரல் கொடுப்பார். பதில் வராவிட்டால்தான் பூட்டு. அவருடைய உத்தியோகமே அதுதான். அறையில் ஆள் இல்லாவிட்டால் கேட்பது வீண், ஆள் இருந்தால் அவரே சொல்லிக்கொள்வார், ஆகையால் இது வெட்டிச் செலவு என்று மன்றம் கண்டுபிடித்து அந்தப் பதவியை ரத்து செய்திருந்தது.

பூட்டுக்காரர் காவலரிடம் திரும்பினார். "அண்ணே, உள்ள என் வீட்டுக்காரி மாட்டிக்கிட்டா."

"உள்ள யாரும் இல்ல."

"பேசுறா அண்ணே. கேளுங்க."

"கேக்குது. அதுக்காக? மூடியாச்சுன்னா உள்ள யாரும் இல்லன்னுதான் அர்த்தம்."

"நானே தொறந்துக்கறேன். ஒரு கம்பி போதும்."

காவலர் தடியைக் கைமாற்றிக்கொண்டார். "மூடின இலாகாவைத் தொறந்தா புது இலாகா ஆரம்பிச்ச மாதிரி. அரசாங்கத்தைப் பெருக்கின குத்தம். உங்களையும் உள்ள தள்ளுவாங்க. சிறைச்சாலை இலாகாவ மட்டும் இன்னும் மூடல, பாத்துக்குங்க."

உருளையைக் கதவின் அடியிடுக்கில் நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. கடைக்கு ஓடி மாத்திரை வாங்கி வந்து, ஒவ்வொன்றாகத் தரையோடு சுண்டிவிட்டார். பிறகு பிஸ்கட்டுகளைத் தள்ளினார். உள்ளே தண்ணீர்க் குடுவை ஒன்று இருந்தது என்பது ஒன்றுதான் நிம்மதி.

"ஏங்க," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "பக்கத்து அறையில யாரோ சுவரைத் தட்டுறாங்க."

"பக்கத்துல தீயணைப்பு. அதை நான் பூட்டி எவ்வளவு நாளாச்சு. எலியா இருக்கும்."

"எலி எண்ணி எண்ணித் தட்டுமா? நான் ரெண்டு தட்டினா, அதுவும் ரெண்டு தட்டுது."

பூட்டுக்காரர் இன்னொரு பிஸ்கட்டை உள்ளே தள்ளினார். அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலை தலைவரின் அறை. மன்றம் சிக்கனமாகப் பார்வையாளர் நாற்காலிகளை ஒழித்திருந்ததால் பூட்டுக்காரர் நின்றுகொண்டே சொன்னார். தலைவர் கண்ணை மூடி முழுதும் கேட்டார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது தம்பி. நானும் குடும்பஸ்தன்தான். ஆனா எனக்கு அதிகாரம் இல்லையே. இருந்த அதிகாரத்தை எல்லாம் நானே குறைச்சுட்டேன்."

"பூட்டச் சொல்ல மட்டும் இருந்துச்சுங்களே ஐயா."

"மூடுற அதிகாரம் மட்டும் வெச்சிருக்கேன். தொறக்குற அதிகாரம்தான் கொடுங்கோன்மை. அதை முதல் நாளே ஒழிச்சாச்சு." தலைவர் எழுந்து அவர் தோளைத் தட்டினார். "அரசாங்கம் வந்து காப்பாத்தும்னு எதிர்பாக்கக் கூடாது தம்பி. அது ஒரு வியாதி. சொந்தக் கால்ல நிக்கணும்."

"அவ நின்னுக்கிட்டுத்தான் இருக்கா ஐயா, பூட்டின கதவுக்குப் பின்னால."

"பாத்தீங்களா? நல்ல ஆரம்பம். குடும்ப விஷயம்னா மேல குடும்ப அணித் தலைவி இருக்காங்க. போய்ப் பாருங்க."

குடும்ப அணித் தலைவி தொலைபேசியில் இருந்தார். "கண்ணு, அம்மாதான்டா பேசறேன். எந்த அம்மாவா? உங்கம்மாதான். அப்பாகிட்ட குடு... என்னங்க, இந்த மாசமும் வர முடியாது. ஊர் ஊரா குடும்பத்தோட மேன்மையைப் பத்திப் பேச வேண்டியிருக்கு." வைத்துவிட்டுப் புன்னகைத்தார். "சொல்லுங்க."

சொன்னார்.

"ஒரு நல்ல மனைவி எங்க இருப்பாங்க?"

"வீட்டுலங்க."

"உங்க மனைவி நல்லவங்களா?"

"தங்கமானவங்க."

"அப்போ வீட்டுலதான் இருக்காங்க. போய்ப் பாருங்க."

"வீட்டுல இல்லம்மா. அந்த அறையில இருமறா. நான் கேட்டேன்."

அம்மையார் முகம் இறுகியது. "வீட்டை விட்டுட்டு அரசாங்க அறையில உக்காந்து இருமுறது உங்க மனைவியா இருக்க முடியாது. தங்கமானவங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. உங்க வாயால உங்க குடும்பத்தைக் கேவலப்படுத்தாதீங்க. மன்றம் அதை அனுமதிக்காது."

படியிறங்கும்போது அவருக்கே ஒரு கணம் சந்தேகம் தட்டியது. வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். இல்லை.

அவர் திரும்பி வந்தபோது நடையில் கூட்டம். பதிவு அலுவலகக் கதவின் முன் மெழுகுவத்திகள் எரிந்தன. நம்பிக்கை அணியின் அருளுரையாளர் மண்டியிட்டு, கைகளை விரித்து, மூடிய பூட்டைப் பார்த்துக் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார்.

"காலியான அறையிலிருந்து குரல் வருகிறது," என்றார் கூட்டத்திடம். "அரசாங்கம் விலகிய இடத்தில் அற்புதம் குடியேறுகிறது."

உள்ளேயிருந்து இருமல். கூட்டம் தலை குனிந்தது.

பூட்டுக்காரர் முண்டியடித்து முன்னே வந்தார். "சாமி, அது எம் பொண்டாட்டி. மருந்து கேக்குறா."

"சொல்லை விடுங்க. உட்பொருளைப் பிடிங்க."

"உட்பொருளும் மருந்துதாங்க."

"மருந்து வேணும்னு அந்தக் குரல் கேக்குதுன்னா, நோய் நமக்குத்தான் இருக்குன்னு அர்த்தம்," என்றார் அருளுரையாளர். கூட்டத்தில் பலர் விம்மினார்கள். கதவருகே போக முயன்றவரை நாலு பேர் தள்ளிவிட்டார்கள்.

மாலைக்குள் சந்தை அணித் தலைவர் வந்து கயிறு கட்டிவிட்டார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்க ஒரு விலை, கதவில் காதை வைக்க ஒரு விலை, இருமல் வந்தால் கூடுதல்.

"இதுக்கு நீங்க எப்படிங்க காசு வாங்கலாம்?" என்றார் பூட்டுக்காரர். "அந்தக் குரல் அவளோடது."

"எவங்களோடது?" சந்தைத் தலைவர் உண்மையான ஆவலோடு கேட்டார். "அப்படி ஒருத்தங்க உள்ள இல்லைன்னு குடும்ப அணி சொல்லிடுச்சு. உரிமையாளர் இல்லாத சரக்கு முதல்ல எடுத்தவனுக்கு. உங்களுக்கு வேணும்னா நீங்களும் ஒரு குரல் கண்டுபிடிச்சுப் போட்டிக்கு வாங்க. நான் தடுக்கவே மாட்டேன்."

"கதவுகிட்டயாவது விடுங்க. நான் புருஷன்."

"புருஷன்மாருக்குத் தள்ளுபடி இல்லைங்க. சந்தைக்கு எல்லாரும் சமம்."

காசு கொடுத்துவிட்டுக் கதவில் காதை வைத்தார்.

"எப்படி இருக்கே?"

"மூச்சு பாதிதாங்க வருது." அவள் குரல் தரையருகிலிருந்து வந்தது. உட்கார்ந்திருந்தாள், அல்லது படுத்திருந்தாள். "வெளிய என்ன பாட்டு?"

"உன்னைக் கும்பிடுறாங்க."

"நல்ல நேரம் பாத்தாங்க," என்றாள். "ஏங்க, எலி இப்போ தட்டுறதில்ல. இருமுது."

பின்னால் நின்றவர், 'உங்க நேரம் முடிஞ்சுது' என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். திரும்பும்போது அவர் கண், எல்லா வேலையும் முடிந்த கடைசியில் எப்போதும் போய் நிற்கிற இடத்துக்குப் போனது. பூட்டின் அடிப்பாகம். அதில் அவர் கடை முத்திரை. முத்திரைக்குக் கீழே அவரே வெட்டிய எழுத்து: 'பழுதானால் மாற்றித் தரப்படும்.'

நேரே சந்தைத் தலைவரிடம் போனார்.

"ஐயா, அந்தப் பூட்டு பழுது."

"அடடே."

"லீவர் ஒண்ணு இறங்கல. நான் உத்தரவாதம் குடுத்திருக்கேன். மாத்திக் குடுக்கணும். இல்லைன்னா ஒப்பந்தத்தை மீறினவன் ஆயிடுவேன்."

அந்த ஒரு சொல்லில் சந்தைத் தலைவரின் கண்கள் கலங்கிவிட்டன. "ஒப்பந்தம்," என்றார் மெதுவாக. "எவ்வளவு நாளாச்சு இப்படி ஒரு வியாபாரியைப் பாத்து. யோவ், எவனும் குறுக்க நிக்க முடியாது. அரசாங்கமே வந்தாலும் ஒப்பந்தத்தைத் தொட முடியாது."

விஷயம் தலைவர் வரை போனது. கதவைத் திறப்பதுதான் குற்றம், பூட்டை மாற்றுவது குற்றமாகாது என்று தீர்மானமாயிற்று. பழைய பூட்டுக்கும் புதுப் பூட்டுக்கும் நடுவில் கதவு மூடியதும் இல்லை திறந்ததும் இல்லை. அந்தச் சிறிது நேரத்துக்கு அறை யாருக்குச் சொந்தம் என்பதில்தான் தகராறு. அற்புதம் என்பதால் தன்னுடையது என்றார் அருளுரையாளர். சரக்கு என்பதால் தன்னுடையது என்றார் சந்தைத் தலைவர். பெண்குரல் என்பதால் தன் அணிக்கு என்றார் அம்மையார். யாருடையதும் ஆகிவிடக் கூடாது என்பதால் தானே கூட இருக்க வேண்டும் என்றார் தலைவர். ஆகவே மறுநாள் காலை நால்வரும் வருவதாக முடிவாயிற்று. பேண்டும் வந்தது.

நடை நிரம்பி வழிந்தது. கூட்டத்தின் ஓரத்தில், வேலையில்லாத கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆளுண்டாவும் நின்றிருந்தார். பழக்க தோஷம், காலையில் கால் இங்கே கொண்டு வந்துவிட்டது என்றார்.

"எல்லாரும் கண்ணை மூடித் தலை குனியுங்கள்," என்றார் அருளுரையாளர்.

எல்லோரும் குனிந்தார்கள். காவலர்களும் குனிந்தார்கள். பேண்டு மெல்லத் தொடங்கியது. பூட்டுக்காரர் முழந்தாளிட்டுக் கம்பியை நுழைத்தார். இறங்காத லீவர் எதுவும் அதில் இல்லை. ஏழும் வெண்ணெய்போல இறங்கின.

கதவு அசைந்ததுமே நால்வரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். அவர்கள் தேடியது ஒரு குரலை. எதிரே, தூசி படிந்த தலையும் வெளுத்த உதடுமாக, சுவரைப் பிடித்தபடி வந்தது ஒரு பெண்பிள்ளை.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா," என்றார் குடும்ப அணித் தலைவி.

அவள் தள்ளிக்கொண்டாள். நால்வரும் ஆவண அலமாரிகளைத் தாண்டி உள்ளறைக்குள் மறைந்தார்கள். பூட்டுக்காரர் மனைவியை வெளியே இழுத்து, சுவரில் சாய்த்து, உருளையை அவள் வாயில் வைத்து அழுத்தினார். ஒரு முறை. இன்னொரு முறை. மூச்சு விசிலடித்து, தடுக்கி, மெல்ல வழிக்கு வந்தது. தலை நிமிர்ந்து பார்த்திருந்தால் கூட்டம் அவளைப் பார்த்திருக்கும். யாரும் நிமிரவில்லை.

பேண்டு உச்சத்துக்குப் போனது. மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார்.

"ம், பூட்டுங்க."

"உள்ள நாலு பேரு இருக்காங்களே," என்றாள் மனைவி.

"ஐயா, உள்ளே ஆள்..." என்று பூட்டுக்காரர் தொடங்கினார்.

"அந்தக் கேள்வி கேக்குற பதவி ரத்து," என்றார் மேற்பார்வையாளர். "ரத்தான வேலையைச் செஞ்சா அரசாங்கத்தைப் பெருக்கின குத்தம். பூட்டுறீங்களா, ஆளைக் கூப்பிடட்டுமா?"

காவலர்கள் நிமிர்ந்துவிட்டார்கள். பூட்டுக்காரர் ஆளுண்டாவைப் பார்த்தார். ஆளுண்டா வாயைத் திறந்தார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவர்போல மூடிக்கொண்டார்.

'களுக்.' கைதட்டல். சாவிகள் ஆற்றுக்குப் புறப்பட்டன.

முதல் கூச்சல் கேட்டபோது கணவனும் மனைவியும் படியில் பாதி இறங்கியிருந்தார்கள். "யோவ், தொறங்கய்யா. யாராவது அரசாங்கத்தைக் கூப்பிடுங்கய்யா." தலைவரின் குரல். கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது.

"குரல் நாலாப் பெருகிடுச்சு," என்றார் யாரோ, தழுதழுத்து.

அன்று சாயங்காலம் அவள் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிய்த்தாள், வாயில் வைக்கவில்லை.

"போய்த் தொறந்துட்டு வாங்க."

"அவங்களையா? உன்னை இல்லவே இல்லைன்னாங்க."

"உள்ள எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது." பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தாள். "அவங்களுக்காக மட்டும் சொல்லலைங்க. அந்த எலி."

விடிந்ததும் இருவரும் போனார்கள். ஆளுண்டாவையும் வழியில் எழுப்பிக் கூட்டிக்கொண்டார்கள். கூட்டம் இன்னும் வரவில்லை. கயிறு மட்டும் தொங்கியது. காவலர்கள் தடிமேல் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தார்கள்.

கதவுக்குப் பின்னாலிருந்து கம்மிய குரல் வந்தது. "யாரது? பூட்டுக்காரரா? தொறங்க தம்பி. அரசாங்கத்துகிட்ட போய்ச் சொல்லுங்க."

"எந்த அரசாங்கத்துகிட்டங்க ஐயா?"

உள்ளே நெடுநேரம் பதில் இல்லை.

அந்த அமைதியில், பக்கத்துக் கதவுக்கு அந்தப் பக்கம், யாரோ சுவரை இரண்டு முறை தட்டினார்கள்.

மனைவி ஆளுண்டாவின் கையைத் தொட்டாள். "அண்ணே, ஒரு தரம் கேளுங்க. சத்தமா."

"பதவி ரத்தும்மா."

"பதவிக்காகவா இத்தனை வருஷம் கேட்டீங்க?"

ஆளுண்டா தொண்டையைச் செருமிக்கொண்டார். நடையின் நடுவில் போய் நின்று, வாயருகே கையைக் குவித்து, எல்லா மாலையும் கூப்பிட்டதுபோலவே கூப்பிட்டார்.

"உள்ளே ஆள் உண்டா?"

"உண்டு," என்றார் தலைவர்.

"உண்டு," என்றது தீயணைப்பு இலாகா. காற்றில் காகிதம் உரசுவதுபோல் ஒரு குரல்.

அதற்கு அடுத்த கதவிலிருந்து. அதற்கும் அடுத்ததிலிருந்து. தண்ணீர் இலாகாவில் தொலைபேசி நின்று, யாரோ அதை எடுத்து, 'உண்டு' என்றார்கள். பாலங்கள் இலாகாவிலிருந்து ஒரு பெண்குரல். எடையளவிலிருந்து ஒரு முதியவர். நடையின் கோடியில், பூட்டியதையே ஊர் மறந்துவிட்ட கதவுகளிலிருந்து, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத குரல்கள். காவலர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கதவைவிட்டு விலகி நடுவுக்கு வந்து நின்றார்கள்.

பூட்டுக்காரர் பையைக் கீழே வைத்தார். அரத்தை எடுத்தார், கம்பியை எடுத்தார். எந்தக் கதவிலிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

எல்லாமே அவர் கைப்பூட்டு.